வெள்ளை டப்பா

டிலோஜனின் கார் வருகிறது என்பதைப் பேசாலையில் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள் குறைவு. தலைமன்னார் றோட்டில் அது பனங்கூடலுக்கு அப்பால் வரும்போதே சத்தம் ஊருக்குள் வந்துவிடும். கரையில் வலை பொத்திக்கொண்டிருப்பவர்கள் ஊசியை நிறுத்திவிட்டு, "வாறான் லூசியாவின்ர மகன்" என்பார்கள். கோழிகள் ஒதுங்கும், சைக்கிள்கள் ஒதுங்கும். கழுதைகள் மட்டும் ஒதுங்காது. மன்னார்த் தீவின் கழுதைகள் இதுவரை யாருக்கும் வழிவிட்டதாகச் சரித்திரம் இல்லை.

அது ஒரு பழைய லான்சர். குருநாகலில் ஒரு வீட்டின் பின்வளவில் கிடந்ததை டிலோஜன் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தபோது, அதற்குள்ளிருந்து முதலில் இறங்கியது ஒரு பூனைதான். பகலில் ஊராரின் போட் எஞ்சின்களைத் திருத்துவது அவனுடைய தொழில். பின்னேரமானால் முற்றத்துப் பூவரசுக்குக் கீழே காரும் அவனும். ஸ்பிறிங்கை மாற்றி நிலத்தோடு பதித்தான். அகல ரயர் போட்டான். சைலன்சரை மாற்றினான், காற்று இழுக்கிற குழாயை மாற்றினான், எஞ்சினை இரண்டு தடவை இறக்கி ஏற்றினான். பாரம் குறைக்கவென்று பின் சீற்றையும் கழற்றப் போனான். "அப்ப நான் கோயிலுக்கு எதில இருந்து போறது?" என்று லூசியா கேட்டதால் சீற் தப்பியது.

மற்ற ஊரில் கார் வைத்திருப்பது வேறு, கடற்கரையில் வைத்திருப்பது வேறு. சோளகம் அடிக்கிற மாதங்களில் காற்றோடு உப்பும் மணலும் வந்து தகரத்தின் மூட்டு மூட்டாகப் புகுந்துவிடும். வீட்டுக் கிணறு உவர். ஆகவே சனிக்கிழமைகளில் குழாயடியிலிருந்து நல்ல தண்ணீர் சுமந்து வந்து, காருக்குக் கீழே மல்லாக்கப் படுத்துக் கழுவி, காய்ந்தபின் பழைய எஞ்சின் ஒயிலைத் தூரிகையால் பூசுவான். ஒயில் சொட்டிக் கழுத்துவரை கறுத்துப்போய் வெளியே வருவான்.

"எங்கட போட்டுக்கு இவ்வளவு செய்திருந்தால் அது தன்பாட்டில மீன் பிடிச்சுக்கொண்டு வந்திருக்கும்" என்பார் அவனுடைய தகப்பன் கிறகரி. அவர் காரைக் கார் என்று சொன்னதில்லை. "உன்ர இரும்பு" என்றுதான் சொல்வார்.

லூசியாவுக்கு அப்படியில்லை. மகனுடையது எதுவானாலும் அவளுக்கு மாதாவின் பாதுகாப்பு வேண்டும். போட்டுக்குப் புதிதாக எஞ்சின் பூட்டினால் முன்பக்க அணியத்திலும் எஞ்சினிலும் தீர்த்தம் ஊற்றுவாள். வெறும் தீர்த்தம் அல்ல. மடுக் கோயிலிலிருந்து கொண்டுவந்து மாதா சுருவத்தடியில் சிறிய தகரப்பேணியில் வைத்திருக்கிற மடுமண்ணில் ஒரு சிட்டிகை கரைத்தது. பாம்புக்கடிக்கே கேட்கிற மண் எஞ்சினுக்குக் கேட்காதா என்பது அவள் நியாயம். கார் முதல்முதல் ஸ்ராட் ஆன அன்றும் போத்தலோடு வந்தாள். டிலோஜன் பதறிப்போனான்.

"அம்மா, மேல ஊத்தாதேங்கோ! வயர் எல்லாம் கிடக்கு."

"அப்ப எங்க ஊத்துறது?"

அவன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "தண்ணி ஊத்துறதெண்டால் அந்த வெள்ளை டப்பாக்குள்ள ஊத்துங்கோ."

அது ரேடியேற்றருக்குத் தண்ணீர் விடுகிற டப்பா. அவள் அதற்குள் ஊற்றினாள், சிலுவை போட்டாள், சந்தோசமாகப் போய்விட்டாள். ஒருவருக்கும் ஒரு கேடும் வரவில்லை.

*

கார் ஓட ஓட வேகம் கூடியது. வேகத்தைக் கூட்டினால் நிறுத்துவதற்கும் வழி பார்க்கவேண்டும் என்ற புத்தி டிலோஜனுக்கு இருந்தது. பஞ்சிகாவத்தையில் அலைந்து பெரிய டிஸ்க்கோடு ஒரு பிறேக் செற் வாங்கி வந்தான். பூட்டுவதற்குச் சியாம் வந்தான். எருக்கலம்பிட்டிக்காரன்; பேசாலைச் சந்தியில், மீன் லொறிகள் நிற்கிற இடத்துக்கு எதிரே கராஜ் வைத்திருக்கிறான். இரண்டுபேரும் ஒன்றாகத் தொழில் பழகியவர்கள். டிலோஜன் கடல் எஞ்சினுக்குப் போனான், சியாம் றோட்டு எஞ்சினுக்குப் போனான், அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பிறேக்கைப் பூட்டி முடித்து, குழாய்களுக்குள் நிற்கிற காற்றை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு மூன்று பேர் வேண்டும். டிலோஜனின் மனைவி சுவேதினி உள்ளே இருந்து பெடலை மிதித்தாள். சியாம் சில்லடியில் படுத்துக்கொண்டு காற்று விடுகிற ஆணியை இளக்கி இறுக்கினான். டிலோஜன் பொனற்றடியில் நின்று, ஒயில் டப்பா வற்றாமல் பிறேக் ஒயில் ஊற்றினான்.

"அமத்துங்கோ தங்கச்சி... பிடிச்சுக்கொள்ளுங்கோ... இப்ப விடுங்கோ."

"கால் உளையுது அண்ணா. இந்தக் காருக்கு மிதிச்ச மிதிக்கு நான் தையல் மெசினை மிதிச்சிருந்தால் ரெண்டு சட்டை தைச்சு முடிஞ்சிருக்கும்."

பின் சில்லுகள் இரண்டும் முடிந்து முன்பக்கம் வரவும் லூசியா குசினி வாசலில் நின்று கூப்பிட்டாள். "சோறு ஆறுது! இரும்பைத் தின்னப் போறியளோ, பாரையைத் தின்னப் போறியளோ?"

பாரைக் குழம்பு, முருங்கையிலைச் சொதி, மாசிச் சம்பல். சியாமுக்கு லூசியா தன் கையாலேயே மீனின் வயிற்றுப்பக்கத் துண்டு பார்த்து வைத்தாள். இரண்டாம்முறையும் வைத்தாள். அதற்கு மேலும் வைக்க வந்தபோது அவன் கோப்பையைக் கையால் மூடினான். "அன்ரி, பிறகு நான் காருக்குக் கீழ பூரேலாது."

முற்றத்தில் கார் பொனற் திறந்தபடி நின்றது. சாப்பிட்டுக் கையலம்பிக்கொண்டு வந்தபோது ஒயில் டப்பா நிறைந்திருந்தது. சியாம் ஊற்றிவிட்டான் என்று டிலோஜன் நினைத்தான். டிலோஜன் ஊற்றிவைத்துவிட்டுத்தான் சாப்பிட வந்தான் என்று சியாம் நினைத்திருக்கிறான். இரண்டுபேரும் ஒருவரை ஒருவர் நம்பினார்கள், அதனால் கேட்கவில்லை. முன் சில்லுகளிலும் காற்றை எடுத்தார்கள். பெடல் கல்லுப்போல நின்றது.

"சரி மச்சான். பிறேக் பாட் புதுசு. நல்லா ஓடி, அமத்தி அமத்தி நிப்பாட்டு. சூடேறினாத்தான் பிடிக்கும்" என்றுவிட்டுச் சியாம் மோட்டார் சைக்கிளில் கராஜுக்குப் போனான்.

சுவேதினி தலையை வாரிக்கொண்டு வந்து முன் சீற்றில் ஏறினாள். மிதித்தவளுக்கு ஓட்டம் இல்லையா என்று கேட்டாள்.

தலைமன்னார்ப் பக்கமாகப் போனார்கள். ஆளில்லாத நேர் றோட்டில் ஓடவிட்டு, அமத்தி, ஓடவிட்டு, அமத்தி, பிறேக்கைச் சூடேற்றினான். கார் நிற்கிற நிற்பைப் பார்த்து டிலோஜனுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு வருசமாகக் கனவு கண்டது இந்த நிற்பைத்தான். திரும்பி வரும்போது, ஊருக்குக் கிட்டவாக, பனங்கூடல் வளைவில் கழுதைகள் நின்றன. ஒரு தாய், இரண்டு குட்டி, பின்னால் இன்னும் கொஞ்சம்.

காலை வைத்தான். கால் போனது. போய்க்கொண்டே இருந்தது. பெடல் தரையில் முட்டியது. மறுபடி மிதித்தான், ஈரப் பஞ்சை மிதிக்கிற மாதிரி இருந்தது. கார் நிற்கவில்லை. "டிலோ!" என்று சுவேதினி கத்தியது கேட்டது. கியரைக் கீழே போட்டு, ஹான்ட் பிறேக்கை இழுத்து, ஸ்ரேறிங்கை வெட்டினான். கார் சுழன்றது. வானம், மணல், கழுதையின் முகம், பனைமரம். இடதுபக்கத்தால் போய்ப் பனையில் அடித்துக்கொண்டு நின்றது.

கழுதைகள் ஓடவில்லை. திரும்பிப் பார்த்தன.

சுவேதினியின் இடக்கை, மடங்கக்கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. அவள் அழவில்லை. அதைத் தன் கை என்று நம்பாதவள்போல் பார்த்துக்கொண்டிருந்தாள். நின்றுவிட்ட காரில் டிலோஜன் இன்னும் பெடலை மிதித்துக்கொண்டிருந்தான்.

*

ஊர் கூடிவிட்டது. ஓட்டோ ஒன்று சுவேதினியை மன்னார் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டிருந்தபோது சியாம் மோட்டார் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். டிலோஜன் அவனுடைய சேட்டைக் கொத்தாகப் பிடித்தான்.

"என்னடா செய்து வைச்சனீ? பெடல் நிலத்துக்குப் போகுது! ஆணியை இறுக்கினனியா இல்லையா?"

"இறுக்கினனான் மச்சான். அல்லாஹ்வறிய இறுக்கினனான். நீயும் பார்த்தனீதானே..."

"நான் பார்த்ததெல்லாம் உன்ர கையை நம்பித்தான்ரா!"

லூசியா மணலில் செருப்பில்லாமல் வந்து சேர்ந்தாள். மருமகளின் கையைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், பிறகு சியாமைப் பார்த்தாள். பேசாலையில் லூசியாவின் வாய்க்குப் பேர் இருக்கிறது. அன்று அந்தப் பேரை அவள் காப்பாற்றினாள்.

"என்ர கையால சோறு திண்டிட்டு என்ர பிள்ளையளைக் கொல்லப் பார்த்தனியே! நம்பித்தானே வயித்துத் துண்டு போட்டனான். உன்ர கை விளங்குமா? ஆரும் இனி இவனிட்ட வாகனம் குடுக்காதேங்கோ. குடுத்தால் சவப்பெட்டியும் சேர்த்துச் சொல்லிவையுங்கோ!"

சியாம் பட்டன் அறுந்த சேட்டோடு நின்றான். யாரோ இதையெல்லாம் போனில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பொழுது படுவதற்குள் மன்னார் முழுக்க அந்த வீடியோ ஓடிவிட்டது. கார்ப் பைத்தியங்கள் கூடுகிற இணையப் பக்கங்களில் சியாமின் கராஜ் பேர் போட்டு எழுதினார்கள். மீன் லொறிக்காரர்கள் வேறு இடம் பார்க்கத் தொடங்கினார்கள். கராஜுக்கு முன்னால் நின்றது டிலோஜனின் நசுங்கிய கார் ஒன்றுதான். அதையும் இழுத்துக்கொண்டுபோய் விட்டவன் சியாம்தான்.

அடுத்த கிழமை சியாமிடமிருந்து போனில் குரல் வந்தது. "மச்சான், ஒருக்கா வந்து பார். ஏசுறதுக்கெண்டாலும் வா."

டிலோஜன் ஏசுவதற்கென்றுதான் போனான். சியாம், கழற்றிவைத்த பிறேக் ஒயில் டப்பாவை எடுத்து, அதிலிருந்ததை ஒரு வெறும் சோடாப் போத்தலுக்குள் ஊற்றி மேசையில் வைத்தான்.

"ஒவ்வொரு சில்லிலயும் திறந்து பார்த்திட்டன். ஆணி எல்லாம் இறுக்கம். ஆனா ஒயிலுக்குள்ள தண்ணி. முன் சில்லுக்குத்தான் கூட. நீ அமத்தி அமத்திச் சூடாக்கின உடனே தண்ணி கொதிச்சு ஆவியாகிப் போச்சு. ஆவியை எவ்வளவு மிதிச்சாலும் பிறேக் பிடிக்காது. அதான் பெடல் போனது."

"தண்ணி எப்பிடி வரும்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறன். அடியில பார். மண்."

போத்தலின் அடியில் நரைத்த சிவப்பாக மெல்லிய வண்டல் படிந்திருந்தது.

"இது எங்கட மண் இல்ல மச்சான். எங்கட மண் வெள்ளையெல்லோ. ஆரோ வேணுமெண்டு போட்டிருக்கினம். பொலிசுக்குப் போவம். உன்னில ஆருக்கு இவ்வளவு கோபம்?"

டிலோஜன் போத்தலைப் பார்த்தான். அந்தச் சிவப்பை அவன் பிறந்தது முதல் பார்த்து வருகிறான். காய்ச்சல் வந்தால் நெற்றியில் பூசுகிற மண். கடலுக்குப் போகிற தகப்பனின் இடுப்புப் பையில் முடிந்துவிடுகிற மண். மேசையைப் பிடித்துக்கொண்டான்.

"என்னடா? தெரியுமா இது?"

"இல்ல" என்றான். சொல்லிவிட்டு, சியாமின் முகத்தைப் பார்க்கமுடியாமல் வெளியே வந்தான்.

*

லூசியா முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். பாயில் கிடந்த கீரிமீன்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டபடி, மகன் கேட்டதற்குப் பதில் சொன்னாள். மறைக்க அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை.

"ஊத்தினனான்தானே. நீங்கள் கைகழுவ வந்தநேரம் நான் போய் ஊத்தினனான். புதுப் பிறேக் எண்டியள், மாதாவுக்குச் சொல்லாமல் ஓடலாமோ? நீ சொன்ன மாதிரித்தான் மகன். வெள்ளை டப்பாக்குள்ள. அது மூடியும் திறந்து கிடந்தது, நல்லதாப் போச்சு."

டிலோஜன் பாயோரத்தில் குந்தினான்.

"அந்தத் தீர்த்தம்தான்ரா உன்னைக் காப்பாத்தினது. அவன் செய்த வேலைக்கு நீங்கள் ரெண்டுபேரும் இண்டைக்கு இருக்கமாட்டியள். கையோட போனது ஆற்ற புண்ணியம்?"

வாசல் படலையடியில் வலையை இறக்கிவைத்துக்கொண்டிருந்த கிறகரிக்கு இது கேட்டது. போட் எஞ்சினோடு முப்பது வருசம் பழகியவர். மகனின் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. அவனைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"அதுக்குள்ளயா ஊத்தினவ?"

"ஓம்."

கிறகரி கிணற்றுக் கட்டில் இருந்துவிட்டார். கொஞ்சநேரம் வாளியின் கயிற்றைச் சுற்றினார், பிறகு அவிழ்த்தார். "அவவுக்குச் சொல்லாத. செத்துப்போவா."

"சியாமுக்கு என்னப்பா சொல்லுறது? அவன்ர கராஜில ஒரு சைக்கிள்கூட நிக்கேல்ல."

"நீ பிழைவிட்டதெண்டு சொல்லு. நீதானே வெள்ளை டப்பா எண்டு சொன்னனீ."

அது உண்மை என்பதுதான் டிலோஜனைக் குத்தியது. இரண்டு டப்பாவும் வெள்ளை. பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. எஞ்சினைத் திறந்து பார்க்கிற யாருக்கும் அது தெரியும். அம்மாவுக்குத் தெரியாது என்பது அவனுக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தான். அடுத்த நாளும் அதையே நினைத்தான். சொல்வதற்கு வசனம் கோத்துப் பார்ப்பான், கோத்ததெல்லாம் அம்மாவின் பெயரில் போய் முட்டும். வெட்கமாக இருந்தது. சியாமின் கராஜைத் தாண்டிப் போகாமல் கடற்கரையால் சுற்றிப் போனான்.

ஆனால் சியாம், சுகம் விசாரிக்கவென்று சுவேதினிக்குப் போன் எடுத்திருந்தான். மத்தியானம் சாப்பாட்டில், ஒற்றைக் கையால் சோற்றைக் குழைத்தபடி அவள் சொன்னாள்.

"மாமி, சியாம் அண்ணாவில பிழையில்லையாம். பிறேக் ஒயில் டப்பாக்குள்ள ஆரோ தண்ணி ஊத்தியிருக்கினமாம். அடியில சிவப்பு மண்ணாம்."

லூசியா சொதிக் கரண்டியோடு நின்றாள்.

"என்ன மண்?"

"கடல் மண்" என்றான் டிலோஜன் அவசரமாக. "காத்தில பறந்து வந்திருக்கும்."

"கடல் மண் சிவப்பாவா இருக்கும்?"

கிறகரி கோப்பையை விட்டுத் தலையெடுக்கவில்லை. லூசியா மகனைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள். கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள். சீலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டாள். சுருவத்தடிக்குப் போய்த் தீர்த்தப் போத்தலை எடுத்துக்கொண்டு வெய்யிலுக்குள் இறங்கிவிட்டாள்.

"அம்மா! எங்க போறியள்? நில்லுங்கோ!"

அவள் நிற்கவில்லை. டிலோஜன் கையைக் கழுவாமல் பின்னால் ஓடினான்.

சந்தியில் மீன் லொறிகளுக்குப் பெட்டி ஏற்றுகிற நேரம். ஐஸ் உடைக்கிற சத்தமும் சில்லறைக்காரரின் கூப்பாடும் நிறைந்திருந்தன. லூசியா அதற்குள்ளால் நடந்து கராஜுக்குள் போனாள். சியாம் எழுந்து நின்றான். அன்றைக்குப் பிறகு அவள் முன்னால் நிற்பது இதுதான் முதல்தரம்.

"தம்பி, பொனற்றைத் திற."

திறந்தான்.

"அண்டைக்கு நீங்கள் கைகழுவேக்க நான் போய் இந்தப் போத்தலால வெள்ளை டப்பாக்குள்ள ஊத்தினனான். எதுக்குள்ள ஊத்தினனான் எண்டு காட்டு. இவன் எனக்குப் பொய் சொல்லுறான்."

சியாம் அவளுடைய கையிலிருந்த போத்தலைப் பார்த்தான். கலங்கிய சிவப்புத் தண்ணீர். வாசலில் மூச்சிரைக்க நின்ற டிலோஜனைப் பார்த்தான். ஒரு கிழமையாக அவன் தேடிய ஆள் முன்னால் நின்றது. டிலோஜன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். இனிச் சியாம் சொல்லப்போவதைக் கேட்கவேண்டியதுதான். சொல்வதற்கு அவனுக்கு எல்லா நியாயமும் இருந்தது.

சியாம் விரலை நீட்டினான். "இதுக்குள்ளதான் அன்ரி" என்று ரேடியேற்றர் டப்பாவைக் காட்டினான். "இது தண்ணி ஊத்துற டப்பாதான். நீங்கள் யோசியாதேங்கோ. என்ர கைதான் பிசகிப்போச்சு."



லூசியா அந்த டப்பாவைக் குனிந்து பார்த்தாள். அதற்குப் பக்கத்தில் இன்னொரு டப்பா கழற்றிய வெற்றிடம் இருந்தது. நிமிர்ந்தபோது மேசையில் இருந்த சோடாப் போத்தல் கண்ணில் பட்டது. போய் எடுத்தாள். வெளிச்சத்துக்குப் பிடித்தாள். தன் போத்தலை மறுகையில் பக்கத்தில் பிடித்தாள். இரண்டின் அடியிலும் ஒரே மண்.

"ஏன் ராசா பொய் சொல்லுறாய்?" என்றாள் சியாமிடம். "நான் உனக்கு என்ன செய்தனான் எண்டு எனக்காகப் பொய் சொல்லுறாய்?"

"அன்ரி, இருங்கோ. தண்ணி குடியுங்கோ."

அவள் இருக்கவில்லை. இரண்டு போத்தலையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே, மீன் லொறிகளுக்கு முன்னால் போய் நின்றாள். டிலோஜன் குறுக்கே போய்க் கையைப் பிடித்தான். "அம்மா, வேண்டாம். வீட்ட வாங்கோ. நான் சொல்லுறன், நான்தான் உங்களுக்குப் பிழையாச் சொன்னனான்." அவள் கையை உதறினாள்.

"இஞ்ச கேளுங்கோ எல்லாரும்!"

ஐஸ் உடைத்தவன் கட்டையை இறக்கினான். சந்தி அடங்கிப்போனது. ஒருவன் போனைத் தூக்கினான்.

"எடு, நல்லா எடு. அண்டைக்கு ஊர் கேக்க இந்தப் பிள்ளையைத் திட்டினனான். இண்டைக்கும் ஊர் கேக்கச் சொல்லுறன். இவன்ர கையில பிழையில்ல. நான்தான் பிறேக்குக்குள்ள தண்ணி ஊத்தினனான். என்ர மகனையும் மருமகளையும் கொல்லப் போனது நான்."

சொல்லி முடித்ததும்தான் சொன்னது அவளுக்கே விளங்கியதுபோல் இருந்தது. முகம் வெளிறியது. ஆனாலும் வாய் நிற்கவில்லை. "நான்தான்... நான்தான்..." என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சியாம் வந்து தோளைப் பிடித்துக்கொண்டான். அப்போதும் சொன்னாள்.

டிலோஜன் நின்ற இடத்தில் நின்றான். அவனுடைய வலக்கால் தன்பாட்டில் நிலத்தை அமத்திக்கொண்டிருந்தது. மணல் விலகி விலகிக் கால் உள்ளே போனது. அம்மா நிறுத்தவில்லை.